மாதா நீலம்

ஜெலாப்பாங், ஈப்போ
9 ஜூலை 2023

அன்புள்ள பெட்ரீசியா அக்காவுக்கு,

தம்பி ராட்னியின் தோத்திரம். இங்கே நானும் புனிதாவும் மெலிண்டாவும் சுகம். புனிதாவின் முழங்கால் வலி மட்டும் குடிவந்த வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்கிறது. உங்கள் முதுகுவலி எப்படி? அப்பம் சுடும் வேலையை இளைய கன்னியர்களிடம் விடச் சொன்னேன். விட்டிருக்க மாட்டீர்கள்.

முதலில் நல்ல செய்தி. மெலிண்டாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அடுத்த வருஷம் ஈஸ்டர் முடிந்து, ஏப்ரல் இருபது. மாப்பிள்ளை தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் இருக்கிறார். புதுக் கார் செய்கிறவரைக் கட்டிக்கொள்ளப் போகிறவள், கோயிலுக்குத் தாத்தாவின் மோரிஸ் மைனரில்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அப்பா போனதிலிருந்து கொட்டகையில் கான்வாஸ் போர்த்திக் கிடந்த வண்டி. போன வாரம் வெளியே இழுத்தேன்.

கூட்டாளி சதாசிவம் உதவிக்கு வந்தான். பழைய கார் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவனுக்கு. முன்மூடியைத் திறந்ததும் சிரித்துவிட்டான். "என்னாண்ணே இது, எஞ்சினுக்குச் சேலை கட்டி விட்டிருக்கு?" என்றான். எஞ்சின் முழுக்க வான நீலம். எனக்கு அது புதிதில்லை. வருஷா வருஷம் செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாளுக்கு, அப்பா நம் வாசல் கெபியில் நிற்கும் மாதா சிலையின் மேலாடைக்கு நீலம் அடிப்பார். டின்னில் மிச்சம் இருப்பதை எஞ்சினுக்கு அடிப்பார். தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணி அல்லவா, குண்டூசியைக்கூட வீசாதவர், சிக்கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வண்டிகள் கரும்பச்சை எஞ்சினோடுதான் வந்தன என்று சதாசிவம் சொல்கிறான். செய்வதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று எனக்கும் ஆசை. அம்மா காய்ச்சலில் போனபோது எனக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. உங்களுக்குப் பதினொன்று. அம்மா இருந்த காலத்தில் எஞ்சின் என்ன நிறம், அக்கா? போன் என்றால் இப்போதே கேட்டுவிடுவேன். உங்கள் அடைப்பு மடத்துக்குத் தபால்தானே வழி. மாதத்துக்கு ஒரு பதில் என்ற உங்கள் ஒழுங்கும் தெரியும். காத்திருக்கிறேன்.

உங்கள் செபத்தை நம்பியிருக்கும் தம்பி,
ராட்னி


ஜோகூர்
6 ஆகஸ்ட் 2023, ஞாயிறு

என் பிரியத் தம்பி ராட்னிக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன் வீட்டில் தங்குவதாக. என் முதுகு என்னைவிட ஒழுங்காக மணி அடித்தால் எழுந்துகொள்கிறது. அப்பம் நான்தான் சுடுகிறேன். இளையவர்கள் கருக்கிவிடுகிறார்கள்.

மெலிண்டாவின் செய்தியைப் படித்து மடத்துத் தாயார்கூட மகிழ்ந்தார். குழந்தையாக அவளை இங்கே தூக்கி வந்தபோது பார்வையறைக் கம்பிக்குள் கையை விட்டு என் தலைமுண்டைப் பிடித்து இழுத்தாளே, அவளுக்கா கல்யாணம்?

நிறம் கேட்டாய். நீலம்தான். வேறு நிறம் எனக்கு நினைவில்லை. மூடிக்குள் கிடக்கிற எஞ்சினை யார் பார்க்கப் போகிறார்கள்? வெளியே பளபளவென்று வை. உள்ளே அப்பா அடித்தது அப்படியே இருக்கட்டும்.

முன்னால் இடது பக்க இருக்கை பழசுதானா, மாற்றிவிட்டாயா? நீ சின்னதில் அங்கே உட்கார வேண்டும் என்று உருண்டு அழுவாய். அப்பா ஒருநாளும் விட்டதில்லை, பின்னால்தான் உட்கார வைப்பார். உனக்கு இரட்டைச் சுழி, சொன்னதைக் கேட்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இதைக் கேள்.

புனிதாவின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்.

இயேசுவில் உன் அக்கா,
பெட்ரீசியா


ஜெலாப்பாங்
27 ஆகஸ்ட் 2023

அன்பும் பயமும் கலந்த தோத்திரம், அக்கா.

பயம் ஏன் என்றால், உங்கள்மீது ஒரு குற்றச்சாட்டு வைக்கப் போகிறேன். கன்னியர் மடத்தில் பொய் சொல்லலாமா? ஒரு மூலையில் நீலத்தைச் சுரண்டிப் பார்த்தேன். அடியில் கரும்பச்சை. முழுப் பூசணிக்காயை அப்பத்துக்குள் மறைக்கப் பார்த்தீர்களே.

சதாசிவத்துக்குத்தான் ஆச்சரியம் தாங்கவில்லை. "அண்ணே, இது ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற சாதா பெயிண்டு லா. எஞ்சின் சூட்டுல ஒரே மாசத்துல கருகி உரியணும். இத்தன வருசம் ஓடியும் நேத்து அடிச்ச மாதிரி இருக்கு" என்கிறான். கையை வைத்துப் பார்த்தேன். வெயிலில் நின்ற வண்டி, தகரமெல்லாம் சுடுகிறது. நீலம் மட்டும் குளிர்ச்சியாக இருந்தது.

இன்னொன்று. பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் மெல்லிய வெள்ளை மணல் ஒட்டிக்கிடக்கிறது. மாவு மாதிரி மணல். ஈயம் எடுத்துவிட்டுப் போன குட்டைகளைச் சுற்றிக் கிடக்குமே, அது. தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடிய வண்டிக்கு இந்த மணல் எங்கிருந்து வந்தது?

இடது இருக்கை பழசுதான். நல்ல ரெக்சின், ஏன் மாற்ற வேண்டும்? புனிதா எண்ணெய் தேய்க்கிறாள். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

குறும்புக்கு மன்னிப்புக் கேட்கும்,
ராட்னி


ஜோகூர்
3 செப்டம்பர் 2023, ஞாயிறு

தம்பி ராட்னிக்கு ஆசீர்.

நான் சுகம். மணி அடிக்கப் போகிறது, சுருக்கமாக எழுதுகிறேன்.

சுரண்டுவதை நிறுத்து. சுரண்டிய இடத்தில் அதே நீலத்தைத் தொட்டு வை. வரும் வெள்ளிக்கிழமை மாதா பிறந்தநாள். அப்பா செய்தபடியே செய். முதல் பூச்சு மாதாவுக்கு, அதே தூரிகையால் அடுத்தது எஞ்சினுக்கு. தூரிகையை நடுவில் கழுவாதே.

காரணம் கேட்காமல் ஒரு காரியத்தைச் செய்ய உனக்குத் தெரியாது. இந்த ஒரு முறை செய். அக்கா உன்னிடம் அதிகம் கேட்டதில்லை.

எல்லாருக்காகவும் மன்றாடும்,
பெட்ரீசியா


ஜெலாப்பாங்
15 அக்டோபர் 2023

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை. வீட்டில் எல்லாருக்கும் மூக்கு ஒழுகுகிறது, வேறு குறையில்லை.

கோபப்படாமல் படியுங்கள். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கடிதம் வந்தபோது பாதி நீலம் போய்விட்டிருந்தது. மிச்சத்தையும் எடுத்துவிட்டேன். எஞ்சினைச் சுத்தமாகக் கழுவி, சூடு தாங்குகிற நல்ல பெயிண்டில் கரும்பச்சை அடித்தாயிற்று. அவ்வளவு அழகு. சதாசிவம் படம் எடுத்துத் தன் கூட்டாளிகளுக்கெல்லாம் அனுப்பினான்.

ஆனால் அடித்த மறுவாரமே பச்சை கொப்புளம் கொப்புளமாகக் கிளம்புகிறது. ஊசியால் குத்தினால் தண்ணீர் வருகிறது. இன்னும் ஒருமுறைகூட ஓட்டாத எஞ்சின், அக்கா. உரித்துவிட்டு மறுபடி அடித்தோம். மறுபடியும் அதே கதை. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து கழுவினால் வெள்ளை மணல். அலசி அலசி, தெளிந்த தண்ணீர் வந்த பிறகுதான் மூடுகிறோம். திறந்தால் மறுபடி மணல்.

இடது இருக்கையும் நனைகிறது. கூரையில் ஓட்டை இல்லை. நான் துணி போட்டுத் துடைத்துக் காயவைத்தால், காலையில் உட்காரும் இடத்தில் ஈரம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. மழைக்காலத்து ஈரம்தான், வேறென்ன என்று சதாசிவம் சொல்கிறான். சொல்லிவிட்டுத் துணியை என்னிடம் கொடுத்துத் துடைக்கச் சொல்கிறான். அவன் அந்த இருக்கையைத் தொடுவதில்லை.

உங்களுக்கு ஏதோ தெரியும். சொல்லுங்கள்.

ராட்னி


ஜோகூர்
5 நவம்பர் 2023, ஞாயிறு

அன்புத் தம்பி,

உங்கள் சளியெல்லாம் நீங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. தூக்கம்தான் கொஞ்சம் குறைவு.

உன்மேல் கோபமில்லை. பயம்தான். நீ இடது பக்கம் உட்கார்ந்தாயா? உட்காராதே. ஓட்டத்தான் வேண்டும் என்றால் ஓட்டு. ஓட்டுகிறவருக்கு ஒன்றும் ஆகாது. இடது பக்கம் மெலிண்டாவை உட்கார வைக்காதே. நீயும் உட்காராதே. நீ என்பதைத்தான் அழுத்திச் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்ல முடியாது. மடத்துக்கு வருவதற்கு முந்தின நாள், உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று அப்பா என் கையை மாதாவின் பாதத்தில் வைத்து வாக்கு வாங்கினார். அவர் இறந்துவிட்டார். வாக்கு சாகவில்லை.

டிசம்பர் பிறந்தால் ஆகமன காலம். கிறிஸ்துமஸ் வரை நாங்கள் யாருக்கும் எழுதுவதில்லை. நினைவிருக்கட்டும்.

உனக்காகவே இப்போது அதிகம் செபிக்கும்,
பெட்ரீசியா


ஜெலாப்பாங்
14 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ், புதுவருஷ வாழ்த்துகள். உங்கள் தூக்கம் திரும்பியதா? புனிதாவும் மெலிண்டாவும் சேலை எடுக்க லிட்டில் இந்தியாவே கதி என்று கிடக்கிறார்கள். வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

போன சனிக்கிழமை வண்டியை முதல்முறையாக நெடுந்தூரம் எடுத்துப் போனோம். கோப்பேங் வழியாக காம்பார் வரை. நல்ல வெயில். நான் ஓட்டினேன். இடது இருக்கையில் நெகிழித் தாளைப் போட்டு சதாசிவம் உட்கார்ந்தான். எஞ்சின் தையல் மெஷின் மாதிரி ஓடியது. காம்பாருக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்டியரிங் இடது பக்கமாக இழுத்தது. சக்கரத்தில் கோளாறில்லை, பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். நான் வலது பக்கம் பிடிக்கப் பிடிக்க அது இடது பக்கமே போனது. ஒரு பழைய செம்மண் பாதை முனையில் போய் நின்றுவிட்டது. அப்பாவின் பழைய தோட்டத்துக்குப் போகிற பாதை. இப்போது அங்கே செம்பனை மரங்கள்.

வண்டியைத் திருப்பியபோது, சதாசிவம் கேட்காமலே பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். வீடு வந்து தேநீர் குடித்த பிறகுதான் பேசினான். "அண்ணே, கோச்சிக்காதீங்க. வண்டி ஓட்டிக்கிட்டே எதுக்கு என் முழங்காலத் தடவிக்கிட்டு வந்தீங்க?" என்றான்.

என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன, அக்கா.

அவனிடம் அதைச் சொன்னேன். "சின்னப் பிள்ள பக்கத்துல தூங்குனா, ஓட்டுறவங்க அப்பப்ப கைய நீட்டி இருக்கா இருக்கான்னு பாப்பாங்கள்ல? அந்த மாதிரிதான் இருந்திச்சி. கை சில்லுன்னு இருந்திச்சி" என்றான்.

உங்கள் வாக்கு பெரியதுதான். நான் சின்னவன்தான். ஆனாலும் கேட்கிறேன். அது யார் கை?

தம்பி


ஜோகூர்
4 பெப்ரவரி 2024, ஞாயிறு

பிரியத் தம்பிக்கு,

சமாதானம். சேலை என்ன நிறம் என்று மெலிண்டாவை ஒரு வரி எழுதச் சொல்.

அந்தக் கை வலது பக்கத்திலிருந்துதான் வந்ததா என்று சதாசிவத்தைக் கேட்டுச் சொல். வேண்டாம், கேட்க வேண்டாம். எனக்குத் தெரியும்.

நீலம் அடித்துவிடு ராட்னி. கல்யாணத்துக்கு முன்னால் அடித்துவிடு. அப்பா வண்டிக்குப் பூசவில்லை. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

விபூதிப் புதனிலிருந்து தபசு காலம். உன் கடிதம் வந்தால் கையில் கிடைக்கும், படிப்பேன். ஈஸ்டர் வரை பதில் எழுத எங்களுக்கு ஒழுங்கில்லை. நான் பேசாமல் இருப்பதை வைத்து எதையும் கணக்குப் போடாதே.

கண்ணீருடன்,
பெட்ரீசியா


ஜெலாப்பாங்
25 பெப்ரவரி 2024

அக்கா,

தோத்திரம். நீங்கள் பதில் எழுத முடியாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். மெலிண்டாவின் சேலை சந்தன நிறம். வீட்டில் எல்லாரும் சுகம்.

நானே அந்தச் செம்மண் பாதைக்குப் போனேன். மோரிஸில்தான், தனியாக. முனையில் ஒரு முனியாண்டி கோயில், பக்கத்தில் சாப்பாட்டுக் கடை. வண்டியை நிறுத்தியதும் கடையிலிருந்து ஒரு கிழவர் எழுந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து நம்பர் பிளேட்டைத் தடவினார். "கிராணி வண்டில்ல இது" என்றார். பெயர் சன்னாசி. அந்தக் காலத்தில் தோட்டத்து டிராக்டர் ஓட்டியவர். நான் யார் என்று சொன்னேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கரையில இருந்த பிள்ளயா நீ?" என்றார்.

அம்மா காய்ச்சலில் சாகவில்லை. அதை இத்தனை வயதுக்குப் பிறகு ஒரு சாப்பாட்டுக் கடையில் தெரிந்துகொண்டேன். அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். வாக்கு உங்களுடையது. அவருடையது இல்லை.

"ஒங்கம்மா பிலோமினா, நம்ம தோட்டத்துலயே காடி ஓட்டத் தெரிஞ்ச ஒரே பொம்பள. மாதா திருநா அன்னிக்கி ஒங்க ரெண்டு பேத்தையும் ஏத்திக்கிட்டுக் கோயிலுக்குப் போச்சி. நீ முன்னால, பக்கத்து சீட்டுல தூங்கிக்கிட்டு. அக்கா பின்னால. எஞ்சின் சூடாயி நின்னு போச்சி, இந்தப் பாதையோரத்து ஈயக் குட்டை மேட்டுல. தண்ணி மொள்ள அம்மா டின்ன எடுத்துக்கிட்டு இறங்குச்சி. நீ முழிச்சி ஒண்ணுக்குன்னு அழுதிருக்க. அக்கா ஒன்னைத் தூக்கிக்கிட்டு லாலான் புல்லுக்குப் பின்னால போயிருச்சி. அம்மா அதப் பாக்கல. வண்டி தானா உருள ஆரம்பிச்சிருச்சி. நான் அக்கரையில டிராக்டர்ல இருந்தேன். ஒங்கம்மா டின்ன வீசிட்டு ஓடிச்சி பாரு, அப்படி ஒரு ஓட்டம் நான் பாத்ததில்ல. கதவத் தொறந்து உள்ள ஏறிருச்சி. வண்டியோட தண்ணிக்குள்ள போயிருச்சி. அக்கா கரையில நின்னு, நாங்க இங்க இருக்கோம்மா, இங்க இருக்கோம்மான்னு கத்துது. ஈயம் எடுக்குற பம்பு சத்தத்துல யாருக்குக் கேக்கும்? சங்கிலி கட்டி நான்தான் இழுத்தேன். நீந்தத் தெரிஞ்ச பொம்பள, வெளிய வந்திருக்கலாம். வரல. கை ரெண்டும் பக்கத்து சீட்டு மேல இருந்திச்சி."

அக்கா, நீங்கள் தூக்கிக்கொண்டு இறங்காவிட்டால் நான் இல்லை. இதை முதலில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். வேறு எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வண்டியை உலர்த்தி ஓடவிட்ட பிறகும் இருக்கை நனைவது நிற்கவில்லையாம். விற்றுவிடுங்கள் என்று சன்னாசி சொல்லியிருக்கிறார். "தேடிக்கிட்டு இருக்கறவள எப்படி விக்கிறது சன்னாசி?" என்றாராம் அப்பா. அதற்குப் பிறகுதான் தோட்டத்துக் கெபிக்கு வாங்கிய நீலத்தை எடுத்து எஞ்சினுக்கு அடித்தார். "மாதா சேலையப் போத்தித் தூங்க வச்சிருக்கேன்" என்று சொன்னாராம். அந்த மாதமே தோட்டம் மாறிவிட்டார். அதனால்தான் எனக்குச் சொல்ல ஆளில்லை.

போர்வையை நான் உரித்துவிட்டேன். அம்மாவை எழுப்பிவிட்டேன். மறுபடி போர்த்தித் தூங்கவைப்பதா, இல்லை தேடுவதைக் கண்டுபிடிக்க விடுவதா? எஞ்சினுக்கு என்ன நிறம் என்று போன வருஷம் விளையாட்டாகக் கேட்டேன். இப்போதும் அதையேதான் கேட்கிறேன். உங்களால் பதில் சொல்ல முடியாது.

ராட்னி


ஜெலாப்பாங்
24 மார்ச் 2024, குருத்து ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

மடத்து வெளிவேலை பார்க்கும் சிஸ்டர் அனுப்பிய பொட்டலம் வந்தது. கடிதம் இல்லை. ஒரு சின்ன டின், வான நீலம். தபசு காலத்தில் எழுதக் கூடாது என்றுதானே ஒழுங்கு, டின் அனுப்பக் கூடாது என்று இல்லையே. உங்கள் பதில் புரிந்தது. நான் அம்மாவின் கைக்குக் கிடைத்துவிடுவேனோ என்று உங்களுக்குப் பயம்.

அந்த டின் ஒரு வாரம் என் மேசைமேல் இருந்தது. மூடியைத் திறக்க இரண்டு முறை ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். மனம் வரவில்லை. ஐம்பது வருஷமாக ஒரு பெண் கண்ணுக்குத் தெரியாத தண்ணீரில் பிள்ளையைத் தேடுகிறாள். பிள்ளை தலை நரைத்து, மகளுக்குக் கல்யாணம் வைத்துக்கொண்டு, கரையில் நிற்கிறான். இன்னொரு பூச்சு அடித்து அவள் வாயை மூடு என்றால் எப்படி அக்கா? எனக்கு அம்மா முகம் தெரியாது. அந்தக் கை ஒன்றுதான் எனக்குக் கிடைக்கக்கூடியது. அதையும் விட்டுவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

நேற்றுப் பகல் சதாசிவத்தை ஓட்டச் சொன்னேன். "வாரேன் அண்ணே. நான் நேரா ரோட்ட மட்டும்தான் பாப்பேன்" என்றான். நான் இடது இருக்கையில் உட்கார்ந்தேன். புனிதாவிடம் டயர் வாங்கப் போகிறேன் என்றேன்.

காம்பார் நெருங்குவதற்கு முன்பே பேண்ட் நனைந்துவிட்டது. செம்மண் பாதையில் இறங்கியதும் வந்தது. முதலில் முழங்காலில். சில்லென்று, விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய மாதிரி. ஒரு சின்ன உடம்பு இருக்க வேண்டிய உயரத்தில் தடவியது. இல்லை. கீழே தடவியது. இல்லை. அவசரம் அவசரமாகத் தடவியது. அந்த அவசரத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. "அம்மா, நான்தான்" என்றேன். கை நிற்கவில்லை. என் பெரிய உடம்பு அதற்கு ஒன்றுமே இல்லை. மேலே ஏறியது. நெஞ்சு, கழுத்து, வாய். வாயை மூடியபோது மூச்சு முட்டியது, ஈயக் குட்டைத் தண்ணீர் ருசி வந்தது. அவ்வளவுதான், அக்கா பயந்தது இதற்குத்தான் என்று நினைத்தேன். அப்புறம் கை தலைக்குப் போனது.

உச்சியில் நின்றது. என் முதல் சுழியைச் சுற்றியது. கொஞ்சம் தள்ளி இரண்டாவதைத் தேடிச் சுற்றியது. மறுபடி முதல் சுழி. நீங்கள் கேலி செய்கிற அதே இரட்டைச் சுழி. "கரையில இருந்தேன்மா. அக்கா தூக்கிட்டுப் போயிருச்சி" என்றேன். தலையில் ஒரு முறை அழுத்திவிட்டு, கை போய்விட்டது.

வண்டியை நிறுத்தி இருவரும் வெளியே உட்கார்ந்து அழுதோம். சதாசிவம் எதற்கு அழுதான் என்று அவனுக்கும் தெரியாது. இருக்கை காய்ந்துவிட்டது. பச்சையில் ஒரு கொப்புளம்கூட இல்லை. முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வரும்போது பின்னால் சத்தம் கேட்டது. ரெக்சின்மேல் உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பார்க்கிற சத்தம். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, மறுபடி அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம். இன்று காலை பூசைக்குப் போகும்முன் பார்த்தேன். முன் இருக்கைகள் இரண்டும் காய்ந்திருக்கின்றன. பின் இருக்கை முழுக்கத் தண்ணீர் நிற்கிறது.

அன்று பின்னால் உட்கார்ந்திருந்தது நீங்கள்தானே, அக்கா.

டின்னைத் திறக்கவா வேண்டாமா என்று இனி நான் முடிவு செய்ய முடியாது. ஈஸ்டருக்குக் காத்திருக்கிறேன்.

உங்கள் தம்பி,
ராட்னி


ஜோகூர்
1 ஏப்ரல் 2024, ஈஸ்டர் திங்கள்

என் தம்பி ராட்னிக்கு,

உயிர்த்த ஆண்டவர் உன்னோடும் புனிதாவோடும் மெலிண்டாவோடும் இருப்பாராக. நான் சுகமாக இருக்கிறேன். நேற்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

உன் கடிதத்தை வாரம் முழுக்கப் படித்தேன். அம்மா உன்னைத்தான் தேடினாள் என்று நான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். கைக்குழந்தையைத்தானே எந்தத் தாயும் முதலில் தேடுவாள். அதற்கப்புறம் என்னையும் தேடியிருப்பாள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவளுக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

எஞ்சின் பச்சையாகவே இருக்கட்டும். டின்னில் உள்ளதைக் கெபி மாதாவுக்கு மட்டும் அடி. தூரிகையைக் கழுவி வை.

அப்பாவின் அடக்கத்துக்குக்கூட நான் வெளியே வர அனுமதி கேட்டதில்லை. நேற்றுத் தாயாரிடம் கேட்டேன். அவர் ஆயரிடம் கேட்டார். தம்பி மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் என்று கிடைத்திருக்கிறது. முந்தின நாள் வெளிவேலை சிஸ்டர் என்னை ரயிலில் காம்பாருக்குக் கூட்டி வருவார். நீ மோரிஸைக் கொண்டு வா. வேறு வண்டி வேண்டாம். நீ ஓட்டு. சிஸ்டரை முன்னால் உட்கார வைப்போம், அவருக்கு ஒன்றும் ஆகாது. செம்மண் பாதை வழியாகப் போ.

எனக்குச் சுழி ஒன்றுதான். அம்மா எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டிருந்தாள். மடத்தில் தலையை ஒட்ட வெட்டிவிட்டார்கள். எதை வைத்து என்னைக் கண்டுபிடிப்பாள் என்றுதான் நேற்றிலிருந்து யோசிக்கிறேன். தலைமுண்டைக் கழற்றிவிட்டுப் பின்னால் உட்காருவேன். அவள் தேடித் தீரும்வரை நீ வண்டியை நிறுத்தாதே. நான் கத்தினாலும் நிறுத்தாதே. அன்று கத்தியதுதான் அவளுக்குக் கேட்கவில்லை. இந்த முறை பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பெரிய துண்டு ஒன்று எடுத்து வா. நான் நனைந்துதான் இறங்குவேன்.

உன் அக்கா,
பெட்ரீசியா